காயம் தலையிலா, மனத்திலா?

கேள்வி: கணியம்பாடி வட்டாரத்தில் நானும் என் கணவரும் சிறிய மருத்துவமனை ஒன்றை நடத்துகிறோம். எங்களிடம் வரும் ஆண் நோயாளிகளில் பலர் பட்டாளத்தில் இருந்தவர்கள். ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் சர்க்கரை நோய்க்காக ஐந்து ஆண்டுகளாக என்னிடம் வந்துகொண்டிருந்தார். சென்ற தீபாவளிக்கு முந்தைய நாள் வாசலில் யாரோ சரவெடி கொளுத்தியபோது, அவர் பெஞ்சுக்கு அடியில் புகுந்து இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதங்கள் அவர் வரவே இல்லை. இலங்கையில் அவர் சென்ற வண்டி கண்ணிவெடியில் சிக்கியதை அவருடைய மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவருக்கு இருப்பது தலைக்காயத்தின் விளைவா, மனக்காயமா? எங்களிடம் சமூகப்பணி படித்த ஆலோசகர் ஒருவரும் செவிலியர் மூவரும் இருக்கிறார்கள். இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை நடத்தினால் இத்தகையவர்களைக் கவனிக்க அவர்களைத் தயார்ப்படுத்திவிட முடியுமா?

பதில்: அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்தச் சிரிப்பு. சிரித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெஞ்சுக்கு அடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதர் மூன்று மாதங்கள் சர்க்கரை மாத்திரைக்குக்கூட வராமல் இருந்ததற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். ஆகவே பயிற்சியை ஆலோசகரின் அறையிலிருந்து தொடங்காதீர்கள். டோக்கன் கொடுக்கும் பையன் முதல் மருந்தாளுநர் வரை எல்லோரையும் உட்கார வைத்துத் தொடங்குங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது.

தலையா, மனமா என்ற உங்கள் கேள்வி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவர்கள் கேட்டுவரும் கேள்வி. முதல் உலகப் போரின்போது, 1915-இல், சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லான்செட் மருத்துவ இதழில் 'ஷெல் ஷாக்' என்ற பெயருடன் சில வீரர்களைப் பற்றி எழுதினார். குண்டு வெடித்த அதிர்வு மூளையைக் குலுக்கிவிட்டதால் வந்த நோய் இது என்றே தொடக்கத்தில் பலர் எண்ணினார்கள். வெடிப்பின் அருகிலேயே இராதவர்களும் அதே நடுக்கத்தோடும் அதே பேச்சிழப்போடும் வரத் தொடங்கியதும், இது மனத்தின் நோய் என்று மறுபக்கம் சாய்ந்தார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய், அதாவது பி.டி.எஸ்.டி., அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலில் இடம்பெற்றது 1980-இல்தான். நம் ஊரிலிருந்து சென்று 1965, 1971 போர்களில் நின்று திரும்பியவர்களின் துன்பத்துக்கு அப்போது இந்தப் பெயர்கூட இல்லை. 'பட்டாளத்துக்குப் போய்வந்ததிலிருந்து ஆள் ஒரு மாதிரி' என்பதே அவர்களுக்கு ஊர் கொடுத்த நோயறிதல்.

இன்று நாம் அறிந்தவரை, ஒரே வெடிப்பு ஒரே மனிதருக்கு இரண்டு காயங்களையும் தரக்கூடும். இரண்டும் ஒன்றையொன்று மோசமாக்கவும் கூடும். தூக்கமின்மை, எரிச்சல், மறதி, கவனம் நிலைக்காமை ஆகியவை இரண்டிலும் உண்டு. ஓயாத தலைவலி, தலைச்சுற்றல், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை, காதில் இடைவிடாத இரைச்சல் ஆகியவை மூளைக்காயத்தின் பக்கம் விரல் நீட்டுகின்றன. நடந்தது கண் முன்னால் அப்படியே வந்து நிற்பதும், அதே கனவு திரும்பத் திரும்ப வருவதும், நினைவூட்டும் இடங்களையும் ஆட்களையும் விலக்கி வாழ்வதும் மனக்காயத்தின் அடையாளங்கள். ஆனால் இந்தக் கோட்டை அழுத்திப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஆலோசகர் 'இதுவா, அதுவா' என்று கேட்கக் கற்பதைவிட, 'இதில் எவ்வளவு, அதில் எவ்வளவு, வேறு என்ன' என்று கேட்கக் கற்பதே பயன் தரும்.

அதைக் கற்பதற்குப் பட்டாளத்து வரலாற்றைக் கேட்டு வாங்கும் பழக்கம் வேண்டும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லும் ஒரு வட்டாரத்தில் இருந்துகொண்டு, நம் நோயாளிச் சீட்டில் பெயர், வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று எழுதுகிறோமே தவிர, 'எந்த யூனிட்டில் இருந்தீர்கள், என்ன வேலை பார்த்தீர்கள்' என்ற வரியை நாம் சேர்ப்பதில்லை. சேர்த்துப் பாருங்கள். ராணுவப் பொறியியல் படைப்பிரிவான மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் 'தம்பி'யாக (அதன் வீரர்களை அப்படித்தான் அழைப்பார்கள்) இருந்தவர் கண்ணிவெடி அகற்றும் வேலையில் எத்தனை முறை வெடிப்பின் அருகே நின்றார் என்பதும், பீரங்கிப் படையில் இருந்தவர் எத்தனை ஆண்டுகள் பீரங்கியின் பக்கத்தில் நின்று சுட்டார் என்பதும் மருத்துவத் தகவல்கள். பெரிய காயம் ஒன்றும் இல்லாமல், சிறு அதிர்வுகள் பலமுறை பட்டவர்களையும் மறந்துவிடக் கூடாது.

வெடிப்பில் சிக்கியவரிடம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். வெடிச்சத்தத்துக்கு முன்னால் கடைசியாக நினைவில் இருப்பது எது? அதற்குப் பிறகு முதலில் நினைவுக்கு வருவது எது? இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போயிருக்கும்? 'மயங்கினீர்களா' என்று நேரடியாகக் கேட்டால் பட்டாளத்துக்காரர் பெரும்பாலும் 'அதெல்லாம் இல்லை' என்பார். நினைவின் இரு ஓரங்களையும் கேட்டால் நடுவிலுள்ள பள்ளம் தானே தெரியும். மயக்கம் முப்பது நிமிடத்துக்கு மேற்படாமலும், அதன் பிறகான குழப்பமும் மறதியும் 24 மணி நேரத்துக்குள் தெளிந்தும், சுயநினைவின் அளவைக் காட்டும் கிளாஸ்கோ அளவுகோலில் 13 முதல் 15 வரை இருந்தும் இருந்தால் அது லேசான மூளைக்காயம் எனப்படுகிறது. இதில் சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதால் நோயாளி நடிக்கிறார் என்று எழுதிவிடுவதும் தவறு. 'உங்கள் மூளை கெட்டுப்போய்விட்டது' என்று சொல்லி அனுப்புவதும் அதே அளவு தவறு. ஒருமுறை பட்ட லேசான காயம் பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதங்களுக்குள் தேறிவிடுகிறது. முப்பது ஆண்டுகள் கழித்தும் மறதியும் கோபமும் நீடித்தால், அல்லது புதிதாகக் கூடினால், அன்றைய அதிர்வை மட்டும் காரணம் காட்டி நிறுத்திவிடாமல் தூக்கத்தையும், குடியையும், மனக்காயத்தையும், காது கேட்கும் திறனையும், தைராய்டையும், வைட்டமின் பி-12 அளவையும் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் என்னுடைய தவறு ஒன்றை உங்களிடம் சொல்வது கடமை என்று நினைக்கிறேன். நான் மனநல மருத்துவம் படித்து முடித்த தொடக்க ஆண்டுகளில், வேறோர் ஊரில், முன்னாள் ஹவில்தார் ஒருவரைக் குடிநோயாளியாக மட்டுமே மூன்று முறை உள்நோயாளியாகச் சேர்த்துச் சிகிச்சை அளித்தேன். நான்காம் முறை வந்தபோதுதான் அவர் கண்ணிவெடியில் சிக்கியவர் என்பது தெரிந்தது. அப்போது நான் அடுத்த தவறைச் செய்தேன். அவர் அவ்வப்போது பேச்சை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்ப்பதை, போர்க்களம் கண் முன் வந்து நிற்கிறது என்று எடுத்துக்கொண்டேன். என் அரைகுறைப் படிப்புக்கு அது அத்தனை அழகாகப் பொருந்தியது. எட்டு மாதங்கள் கழித்து அவருடைய மனைவி, 'அந்த நேரத்துல வாயை மென்னுக்கிட்டே இருப்பாருங்க, வேட்டி நுனியைக் கசக்குவாரு, அப்புறம் கேட்டா ஒண்ணுமே தெரியாதும்பாரு' என்றார். ஒவ்வொரு முறையும் அச்சாக ஒரே மாதிரி, ஓரிரு நிமிடங்கள், பிறகு சிறிது நேரக் குழப்பம். அது வலிப்பு. தலைக்காயத்துக்குப் பல ஆண்டுகள் கழித்தும் வலிப்பு வரலாம். மனக்காயத்தின் நினைவுப் பாய்ச்சலுக்குப் பெரும்பாலும் ஒரு தூண்டுதல் இருக்கும், அச்சம் இருக்கும், பிற்பாடு அதைப் பற்றிக் கொஞ்சமாவது சொல்ல முடியும். இந்த வேறுபாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்த அம்மாள்தான். உங்கள் செவிலியர் மூவரும் இதை அறிந்திருந்தால், அந்த மனிதர் இழந்த எட்டு மாதங்களை வேறொருவர் இழக்க வேண்டியிருக்காது. மனைவியைத் தனியே அழைத்துப் பேச, கணவரின் ஒப்புதலோடு, பதினைந்து நிமிடங்கள் ஒதுக்குவதைப் பயிற்சியின் பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் மறுபுறமும் உண்டு. அறுபதைத் தாண்டிய, குடிப்பழக்கம் உள்ள முன்னாள் வீரர் இரண்டு மூன்று வாரங்களாகத் தடுமாறுகிறார், உளறுகிறார் என்றால் பழைய போரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வாரங்களுக்கு முன் கிணற்றடியிலோ குளியலறையிலோ வழுக்கி விழுந்தாரா என்று கேட்டு, மூளையுறைக்குக் கீழே இரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறதா என்று அன்றைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும். நல்ல வேளையாக வேலூரில் அதற்கு நாம் அலைய வேண்டியதில்லை. நாட்டிலேயே முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கியது இந்த ஊரில்தான். பாகாயத்தில் மனநல மையமும் மறுவாழ்வு நிலையமும் இருக்கின்றன. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. யாரை எங்கே அனுப்புவது என்ற ஒரு பக்கக் குறிப்பை எழுதிச் செவிலியர் மேசையில் ஒட்டிவையுங்கள்.

இனிப் பட்டறை. இரண்டு நாளில் அறிவைத் தரலாம்; கைப்பழக்கத்தைத் தர முடியாது. தையல் போடுவதை நாம் படம் பார்த்துக் கற்கவில்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று 'ஊசியைத் திருப்பு' என்று சொல்லித்தானே கற்றோம்? போர் மனக்காயத்துக்கு வலுவான சான்று உள்ள பேச்சு சிகிச்சைகள் சில உண்டு. நடந்ததைப் பாதுகாப்பான இடத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியும், விலக்கி வைத்த இடங்களுக்குப் படிப்படியாகச் சென்றும் அச்சத்தைத் தணிக்கும் முறையை எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கினார். அதற்கு எட்டு முதல் பதினைந்து அமர்வுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். 'என்னால்தான் அவன் செத்தான்' என்பது போன்ற, மனத்தில் சிக்கி நிற்கும் முடிவுகளை எடுத்து ஆராயும் முறை பட்ரீசியா ரெசிக் என்ற உளவியலாளர் உருவாக்கியது. வழக்கமாகப் பன்னிரண்டு அமர்வுகள். அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை 2006 முதல் இந்த முறைகளில் தன் மருத்துவர்களுக்குப் பெரிய அளவில் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது, சில நாள் பட்டறையோடு நிறுத்தாமல், பிறகு ஏறத்தாழ ஆறு மாதங்கள் வாரந்தோறும் அனுபவமுள்ள ஒருவருடன் தம் நோயாளிகளைப் பற்றிக் கலந்துபேச வைத்தது. அந்த வாரந்தோறுமான கலந்துரையாடல்தான் பயிற்சி. பட்டறை அதற்கு முன்னுரை மட்டுமே. உங்கள் ஆலோசகருக்கு நான் சொல்வதும் அதுவே. முதலில் ஒரே ஒரு நோயாளி. அவருடைய எழுத்து ஒப்புதலுடன் அமர்வின் ஒலிப்பதிவு. வாரம் ஒருமுறை மூத்தவர் ஒருவருடன் அதைக் கேட்டுப் பேசுதல். இப்படி இரண்டு மூன்று பேரை முழுமையாகப் பார்த்து முடிக்கும் வரை, 'போர் மனக்காய சிகிச்சை' என்ற பலகை வேண்டாம்.

மூளைக்காயம் பட்டவருக்கு இத்தகைய சிகிச்சை பயன்படாது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். லேசான மூளைக்காய வரலாறு உள்ளவர்களும் இவற்றால் பயன்பெறுகிறார்கள். நாம் செய்ய வேண்டியது நம் வேகத்தைக் குறைப்பது: நீண்ட அமர்வை இரண்டாகப் பிரிப்பது, பேசியதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பது, வீட்டுப் பயிற்சியைக் கைபேசி அலாரத்தில் வைப்பது, காது சரியாகக் கேட்காதவர் என்றால் முகம் பார்த்துப் பேசுவது.

ஆலோசகர் முழுப் பயிற்சி பெறும் வரை ஒரு தடையை உறுதியாக விதியுங்கள். 'என்ன நடந்தது, முழுவதும் சொல்லுங்கள்' என்று யாரும் யாரையும் தோண்டக் கூடாது. ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பதால் நன்மை இல்லை, சிலருக்குத் தீங்கும் உண்டு என்பதால் அதைச் செய்ய வேண்டாம் என்றே சிகிச்சை வழிகாட்டிகள் கூறுகின்றன. தானாகச் சொன்னால் கேட்கலாம். சொல்லத் தொடங்கியவரைப் பாதியில் நிறுத்திவிட்டு இரத்த அழுத்தம் பார்க்கவும் கூடாது.

இலங்கையில் இருந்தவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இந்திய அமைதிகாக்கும் படை 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை அங்கே இருந்தது. பிற மாநிலத்து வீரருக்கு அந்நிய மொழியாக இருந்தது நம் வீரருக்குத் தாய்மொழி. வீட்டைச் சோதனையிடச் சென்றபோது வாசலில் நின்ற கிழவி அழுதது அவருக்கு வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது. ஊருக்குத் திரும்பியபோது அவரை வரவேற்க யாரும் காத்திருக்கவில்லை. எங்கே இருந்தாய் என்று கேட்டால் வடக்கே என்று சொல்லிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இத்தகையவர்களிடம் முன்னால் நிற்பது பல நேரங்களில் அச்சம் அல்ல, குற்ற உணர்வு. செய்ததற்காகவோ, செய்யத் தவறியதற்காகவோ, கண்ணால் பார்த்தும் தடுக்க முடியாமல் போனதற்காகவோ. இதற்குத் தூக்க மாத்திரையும் 'உங்கள் மேல் தவறில்லை' என்ற அவசர ஆறுதலும் உதவுவதில்லை. அந்தப் போரைப் பற்றி உங்கள் ஆலோசகருக்கும் சொந்தக் கருத்து இருக்கும். தமிழராகப் பிறந்த எவருக்கும் இருக்கும். அது அவருடைய முகத்தில் ஒரு கணம் தெரிந்தால் போதும், எதிரே இருப்பவர் பேச்சை மூடிக்கொள்வார். ஆகவே இதை நோயாளியின் முன்னால் அல்ல, உங்கள் முன்னால் அவர் முதலில் பேசித் தீர்க்கட்டும். நடிப்புப் பயிற்சியில் நீங்களே அந்த வீரராக உட்கார்ந்து, மிகக் கடினமான வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். அவர் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள்.

கேள்விகளை நம் வட்டாரப் பேச்சில் வைப்பதும் பயிற்சிதான். மனக்காயத்தைக் கண்டறிய அமெரிக்காவில் உருவான ஐந்து கேள்விச் சோதனை ஒன்றும், இருபது கேள்விப் பட்டியல் ஒன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அச்சுத் தமிழில் 'உணர்வுகள் மரத்துப்போனதாக உணர்கிறீர்களா' என்று படித்தால் நம் சுபேதார் காலைத்தான் பார்ப்பார். 'பேரப்பிள்ளை வந்து மடியில உக்காந்தாகூட ஒண்ணுமே தோணலையா' என்று கேட்டால் பதில் வரும். அவருடைய பேச்சில் பாதி இந்தியும் பட்டாளத்துச் சொற்களும் கலந்திருக்கும். புரியாத சொல்லுக்குப் பொருள் கேட்கத் தயங்க வேண்டாம், மகிழ்ச்சியோடு விளக்குவார்கள். விலகலையும் ஊர்க்கண்ணால் பார்க்க வேண்டும். ஊரே திரண்டு நிற்கும் எருது விடும் விழாவன்று ஒருவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதும், தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில் வண்டியைத் திருப்பிவிடுவதும், மலையில் குவாரி வெடி வைக்கும் நேரத்தைக் கடிகாரம்போல் அறிந்திருப்பதும் இங்கே நோய்க்குறிகளாக இருக்கலாம்.

செவிலியருக்கு நான் சொல்லும் செய்திகள் சிறியவை. தூங்குபவரைத் தொட்டு எழுப்பக் கூடாது; கால்மாட்டில் தள்ளி நின்று பெயர் சொல்லி அழைக்க வேண்டும். கதவு தெரியும்படி, முதுகு சுவரோடு இருக்கும்படி நாற்காலி போட வேண்டும். ஊசி போடுமுன் பின்னாலிருந்து வரக் கூடாது. கைத்தட்டை வீசி வைக்கக் கூடாது. இவற்றைப் பட்டாளத்துக்காரர்களின் மனைவியர் பல ஆண்டுகளுக்கு முன்பே தாமாகக் கண்டுபிடித்துக் கடைப்பிடித்து வருகிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்து உங்கள் செவிலியருடன் பேசவைத்தால் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

மருந்தைப் பொறுத்தவரை ஒன்றை வலியுறுத்துகிறேன். தூக்கம் வரவில்லை என்று வருபவருக்கு அல்பிரசோலமோ குளோனாசிபாமோ எழுதிக் கொடுப்பது நம் பகுதியில் மிகவும் எளிதாகிவிட்டது. அவை மனக்காயத்தைக் குணப்படுத்துவதில்லை. மூளைக்காயம் பட்டவருக்கு மறதியையும் தள்ளாட்டத்தையும் கூட்டும். குடியோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். மனச்சோர்வுக்குத் தரப்படும் செர்ட்ராலின், பராக்செட்டின், வென்லாஃபாக்சின் ஆகியவற்றுக்கு மனக்காயத்திலும் சான்று உண்டு. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துங்கள். மூட்டுவலிக்காக டிரமடால் என்ற வலிமருந்தை விழுங்குகிறாரா என்று கட்டாயம் கேளுங்கள், ஏனெனில் அது வலிப்பைத் தூண்டக்கூடியது. செர்ட்ராலினோடு சேர்வதும் நல்லதன்று. ஏற்கெனவே பல ஆண்டுகளாகத் தூக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு அதை ஒரே நாளில் நிறுத்திவிடவும் வேண்டாம்.

ராணுவ கேன்டீனில் வாங்கும் மதுவைப் பற்றிக் கேட்கும்போது குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். 'மாதக் கோட்டா எத்தனை நாளில் தீர்கிறது' என்று கேட்டால் உண்மை வரும். அதைவிட முக்கியமான ஒரு கேள்வியை நம் ஊர் மருத்துவர்கள் கேட்பதே இல்லை. வங்கியிலோ பணம் ஏற்றும் வண்டியிலோ காவல் வேலை பார்க்கும் முன்னாள் வீரர் பலரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. ஆம் என்றால், துப்பாக்கி எங்கே இருக்கிறது, பூச்சிமருந்து வீட்டில் இருக்கிறதா என்று அடுத்த மூச்சிலேயே கேட்டு, குடும்பத்தாரின் துணையோடு இரண்டையும் அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு அன்றே மாற்றுங்கள். அரசின் டெலி-மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணை வீட்டார் கைபேசியில் பதிந்து கொடுங்கள்; இரவிலும் தமிழில் பேசலாம். சிகிச்சைக்கு வந்தால் காவல் வேலை போய்விடும், ஊரில் பைத்தியம் என்பார்கள் என்ற பயமும் அவர்களுக்கு உண்டு. சீட்டை மடித்துக் கொடுப்பதும், நோயின் பெயரைக் கூடத்தில் உரக்கச் சொல்லாமல் இருப்பதும் அந்தப் பயத்துக்கு நாம் தரும் பதில்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வூதியம் பெறும் வீரர்களுக்கும் குடும்பத்தாருக்குமான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003-இல் தொடங்கியது. உயர் சிகிச்சைக்கு அனுப்பும்போது அந்த வழியையும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் ஆலோசகர் அறிந்திருக்க வேண்டும். பழைய மருத்துவக் குறிப்பேடுகளை வீட்டில் தேடி எடுத்துவரச் சொல்லுங்கள்; தகரப்பெட்டியின் அடியில் பெரும்பாலும் இருக்கும்.

இனி உங்கள் சுபேதாருக்கு வருவோம். அவர் திரும்பி வந்திருக்கிறார் என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். அவரிடம் தீபாவளியன்று நடந்ததைப் பற்றி நீங்களே முதலில் பேசுங்கள். 'அன்றைக்குச் சிரித்தார்கள், எனக்கு வருத்தமாக இருந்தது' என்று சொன்னால் போதும். அந்த வருகையில் வேறு எதையும் கேட்க வேண்டாம். அடுத்த முறை நினைவின் இரு ஓரங்களையும், தூக்கத்தையும், தலைவலியையும், காதையும் கேளுங்கள். காது பரிசோதனைக்கு அனுப்புங்கள். நினைவாற்றலைத் தமிழிலேயே சோதித்துப் பாருங்கள். வெறித்துப் பார்க்கும் தருணங்கள் உண்டா என்று அவருடைய மனைவியைக் கேட்டு, உண்டென்றால் நாள், நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். அந்த நோட்டோடு, அவர் விரும்பினால், மூவருமாக என்னிடம் வாருங்கள். உங்கள் ஆலோசகரையும் அழைத்து வாருங்கள். அவருடைய முதல் நோயாளியாக இவரையே வைத்துக்கொண்டு, அடுத்த தீபாவளிக்குள் பன்னிரண்டு அமர்வுகளை முடிக்க நமக்கு நேரம் இருக்கிறது. வாரந்தோறும் ஒலிப்பதிவைக் கேட்டுப் பேச வியாழக்கிழமை மாலையை அவருக்காக ஒதுக்கிவைக்கிறேன்.